என் அடுப்படியில் ஒரு சறுக்கு மரம்

பெருமாநல்லூர்
2.5.2006

அன்பு மகன் ராபினுக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லாரும் சுகம், என் முழங்கால் ஒன்றுதான் இன்னும் ரட்சிக்கப்படவில்லை. மஸ்கட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன் என்று நீ போனில் சொன்னதை நான் நம்பிவிட்டதாக நினைக்காதே. உன் பெண்டாட்டி அனுசுயாவுக்கும் எனக்கும் வாரத்துக்கு ஒரு சண்டைதான், அதுவும் டிவி ரிமோட்டுக்கு. உன் மகள் பியூலாவுக்கு ஜூனில் ஒன்றாம் வகுப்பு, அந்த ஷேர் ஆட்டோவில் புளிமூட்டை மாதிரி அடைத்துத் திருப்பூருக்கு அனுப்ப வேண்டுமே என்று உனக்குள்ள கவலைதான் எனக்கும். அது சம்பந்தமாகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியில் கோபப்பட்டு வைத்துவிடுவாய், பொறுமையாகப் படி.

நம் முதலாளி வெள்ளியங்கிரி, பனியன் கம்பெனியை ஒட்டிப் பள்ளிக்கூடம் கட்டப்போகிறார். சனங்களைக் கேட்காமல் ஆரம்பிக்கக் கூடாது என்று அவர் சம்சாரம் சுபஸ்ரீ அம்மா சொன்னார்களாம், அதனால் ஈஸ்டர் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கட்டிங் ஹாலில் கூட்டம். முதலாளியே வாசலில் நின்று வாங்க வாங்க உக்காருங்க என்று கும்பிட்டார், எலெக்‌ஷனுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவன்கூட இப்படிக் கும்பிடவில்லை. பின்பக்கமிருந்து பிரியாணி வாசனை வேறு. ஏனுங்க, நம்ம குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் வேணுங்களா வேண்டாமுங்களா என்று அவர் கேட்டு முடிக்கும் முன்னே முதல் ஆளாய்க் கை தூக்கியது யார் என்று நினைக்கிறாய்? உன் அம்மாதான். ஒன்று போதாதென்று ரெண்டு கையையும் தூக்கினேன். ஏத்தா, ஜெபக் கூட்டம்னு நெனச்சுட்டியா என்று பக்கத்து வீட்டு ஒச்சாயி இடித்தாள். என்னைப் பார்த்து முதலாளியின் லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிற சனம் மொத்தமும் தூக்கிவிட்டது.

சாப்பிட்டுக் கை கழுவப் போகும்போதுதான் சுவரில் ஒட்டியிருந்த பிளானைப் பார்த்தேன். கம்பெனி இருக்கிறது, ரோடு இருக்கிறது, வேப்பமரம் இருக்கிறது, நம் லைன் வீடுகளைத்தான் காணோம். வேப்பமரத்திலிருந்து விரலை நகர்த்தி நம் வீட்டுக்கு வந்தால், என் அடுப்பு இருக்கிற இடத்தில் சறுக்கு மரம்! ஒச்சாயி வீட்டில் கக்கூஸ் வருகிறதாம். நீ ரெண்டு கையத் தூக்குனதுக்கு ரெண்டு வீடும் போச்சுல்ல என்று அவள் மறுபடியும் இடித்தாள். நமக்கெல்லாம் அவிநாசிப் பக்கம் வீடு பார்த்துத் தருவதாக முதலாளி ஏற்பாடாம்.

அந்த வாரம் செக்கிங் டேபிளில் துணி ஓடியதே தவிர என் கண் அதில் இல்லை. பள்ளிக்கூடம் தூரம் என்றுதானே நீ ஒன்பதாவதோடு நின்று டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கிற கைமடி வேலைக்குப் போனாய், இதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு பியூலா முகத்தில் எப்படி முழிப்பேன். வாடகை வீடுதானே என்பாய். வாஸ்தவம்தான். ஆனால் நானும் அனுசுயாவும் ஷிப்டுக்குப் போனால் பிள்ளையை ஒச்சாயி பார்க்கிறாள், அவள் போனால் அவள் பேரனை நாங்கள் பார்க்கிறோம். அவிநாசியில் எனக்கு எந்த ஒச்சாயி இருக்கிறாள்?

வியாழக்கிழமை ஆபீஸ் ரூமுக்கே போய்விட்டேன், முதலாளி, அன்னைக்குத் தூக்குன கைய இறக்கிக்கிடலாம்னு வந்தேன் என்று. அவர் சிரித்துவிட்டார். இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமுங்களே அக்கா என்றார். பள்ளிக்கூடம் வேணுமான்னுதான கேட்டிய, எங்கன கட்டணும்னு கேக்கலையே, அவிநாசிக்குப் போயிட்டா எங்க பிள்ளைக இங்க வாரதுக்கும் அதே ஷேர் ஆட்டோதான என்றேன். அதன்பிறகு அவர் சிரிக்கவில்லை. சுபஸ்ரீ அம்மாதான் பிளானைச் சுருட்டிக்கொண்டு வாங்க, நடந்தே பாத்துரலாமுங்க என்று கிளம்பினார்கள். கம்பெனிக்குப் பின்னால் கட்டிங் வேஸ்ட் போடுகிற குடோன் இருக்கிறதல்லவா, அதைக் காட்டினேன். அது எங்கய்யன் முதல் மிஷின் ஓட்டின ராசியான இடமுங்க என்று முதலாளி கதவைத் தடவிக் கொடுத்தார். பாவமாகத்தான் இருந்தது. கடைசியில், சரிங்க, பள்ளிக்கூடமும் ராசிதானுங்களே என்றார்.

ஆனால் வகுப்புகளுக்குத்தான் அங்கே இடம், விளையாட இடமில்லை. பிள்ளைங்க எங்க விளையாடுறதுங்க என்று முதலாளி கேட்டார், இந்தத் தடவை கூட்டம் போட்டு இல்லை, லைன் வீட்டில் ஒவ்வொரு வாசலாய் நின்று. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நம் வாசலுக்கு முன்னால் துணி காயப்போடுகிற முற்றம்தான் இருக்கிறது. நல்லா யோசித்து, கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, இங்கயே ஆடட்டும் என்றேன். ஆக, சறுக்கு மரம் அடுப்படிக்கு வராமல் என் வாசலுக்கு வருகிறது. நைட் ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற சுகம் போச்சு. கட்டி முடிக்க அடுத்த ஜூன் ஆகுமாம், இந்த ஒரு வருஷம் பிள்ளைக்கு ஆட்டோதான், கோபப்படாதே. அவள் இப்போதே தினமும் வாசலில் நின்று, ஆச்சி, சறுக்கு மரம் எப்ப வரும் என்கிறாள்.

வெயிலில் தலையில் துண்டில்லாமல் நிற்காதே. கர்த்தர் உன்னைக் கண்மணி போலக் காப்பாராக. பதில் போடும்போது யோசிக்க வேண்டாம், அதே விலாசம், அதே கதவு நம்பர்.

இப்படிக்கு,
இனிமேல் பிளானைப் பார்த்துவிட்டுக் கை தூக்கும் உன் அம்மா
விஜயராணி