ஒரு ஜோடிக்கு இரண்டு பிளாப்பி

5-7-1987

பல்கலைக்கழகத்தின் கோலாலம்பூர் மையத்தில் கம்ப்யூட்டர் பாடத்துக்கு முதல் வகுப்பு. கோல சிலாங்கூர் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் தேவதாஸ்! இருவரும் ஓய்வு பெற்றும் விடமாட்டான் போல. வேலையில் இருந்தபோது பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போய்ப் பாடம் நடத்தினேன். "வகுப்பை விட்டுட்டு ஊர் சுத்துறாரு" என்று இன்ஸ்பெக்டரிடம் போட்டுக்கொடுத்து, எனக்கு வரவேண்டிய தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்தவன். மறப்பேனா?

எங்கள் தோட்டப் பள்ளிக்குப் பழைய மாணவர்கள் கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். இந்தப் பாடத்தில் தேறியவர்தான் அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாமாம். அது நானாக இருக்க வேண்டும். அவனாக இருக்கவே கூடாது.

19-7

ஆப்பரேட்டிங் சிஸ்டம் என்றால் என்ன என்று விரிவுரையாளர் அம்சவள்ளி கேட்டார். ரப்பர் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோரைச் சொன்னேன். அவர் பால் வெட்டுவதில்லை. யாருக்கு எந்த மரவரிசை என்று பிரித்துக் கொடுக்கிறார், சண்டை வராமல் பார்த்துக்கொள்கிறார். வகுப்பே ரசித்தது.

"மண்டோருக்குக் கரண்டு வேணுமா வாத்தியாரே?" என்றான் தேவதாஸ். நானும் சிரித்துவைத்தேன்.

2-8

செயல்முறைத் தேர்வுக்கு ஊர் பார்த்து ஜோடி சேர்த்துவிட்டார்கள். எங்கள் ஊர்ப்பக்கம் நாங்கள் இருவர்தானே! சிஸ்டம் பிளாப்பி அவனிடம். அது இல்லாமல் மெஷின் கண்விழிக்காது. எங்கள் புரோகிராம் உள்ள பிளாப்பி என்னிடம். அது இல்லாமல் விழித்தும் வேலையில்லை. செப்டம்பர் 13-க்குள் ஓட்டிக் காட்ட வேண்டும். தவறினால் பெயில்.

16-8

இன்று டெட்லாக். ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு, அடுத்தவன் கையிலிருப்பதற்காக இரண்டு பேரும் காத்துக் கிடப்பது. தோட்டத்து ஒற்றைப் பாலத்தில் எதிரெதிரே நிற்கும் செம்பனைக் குலை ஏற்றிய இரண்டு லோரிகளை உதாரணம் சொன்னேன்.

"அப்ப என்னா செய்யணும் சார்?" என்றார் அம்சவள்ளி.

"ஒரு லோரி பின்னால போவணும் மிஸ்."

வெளியே வந்ததும் தேவதாஸ், "உன் பிளாப்பியக் குடு. நான் ஓட்டிப் பாத்துக்கிறேன்" என்றான்.

"உன்னோடத நீ குடு."

"நான் ஹெட்மாஸ்டரா இருந்தவன் லா!"

போதும். அந்த ஒரு வார்த்தை போதும். சேர்ந்து உட்கார்ந்து ஓட்டலாம்தான். ஓட்டினால் அவனும் தேறிவிடுவானே?

6-9

அவனும் கொடுக்கவில்லை, நானும் கொடுக்கவில்லை.

13-9

ஒரே பஸ்ஸில் போனோம். ஒரே மெஷின் முன்னால் உட்கார்ந்தோம். இரண்டு பேர் பையும் மடியில்.

"என்னா சார், ரெண்டு பேரும் இன்னும் ஸ்டார்ட் பண்ணலையா?" என்றார் அம்சவள்ளி.

அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. நேரம் முடிந்தது.

22-11

எழுத்துத் தேர்வில் நல்ல மார்க். செயல்முறையில் பூஜ்யம். மொத்தத்தில் பெயில்.

"அவனும் பெயில்தான்," என்றேன் நல்லம்மாளிடம்.

சோற்றுத் தட்டை நங்கென்று வைத்தாள். "நாப்பது வருசமா உங்ககூட குடும்பம் நடத்துறேன். நீங்க பொறுமைசாலின்னு ஊருல சொல்றப்பல்லாம் எனக்குச் சிரிப்புதான் வருது."

சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது.

4-1-1988

கம்ப்யூட்டரைச் செரண்டா பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே தேறிய ஆசிரியை இருக்கிறாராம். லோரி பின்னால் பிள்ளைகள் கேட் வரை ஓடினார்கள். ஒரு சிறுமி என்னிடம் வந்து, "அத ஒருவாட்டிகூட தொறக்கலையே சார்?" என்றாள்.

தேவதாஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"மார்ச்சுல செயல்முறைய மறுபடியும் செய்யலாமாம். அதே ஜோடிதானாம் லா."

"தெரியும்."

"பிளாப்பி வச்சிருக்கியா?"

"இருக்கு. உன்னோடது?"

"இருக்கு."

கேட்டால் கொடுத்துவிடுவேன் என்றுதான் நினைக்கிறேன். முதலில் அவன் கேட்கட்டும்.