ஞாயிறு தவிர எல்லா நாளும் மழை

நவம்பர் 25, திங்கள்
மழை. மாவு, உப்பு, விளக்குத் திரி வாங்கியாயிற்று, கணக்கு எழுதியாயிற்று. ஃப்ரீசரில் பட்டாணி மட்டும் கிடக்கிறது. என் வீட்டுக்காரர் டெல்பர்ட் மர ஆலையில் தோளை முறித்துக்கொண்டார், வில்லை இழுக்க முடியாது. குளிர்காலத்துக்கு இறைச்சி என் கையில். நாளை மறுநாள் எல்க் மான் வேட்டை ஆரம்பம்.

கொழுந்தன் ராய்ஸ் வந்தான். என் அம்புகளின் வாலில் ஒட்டிய வான்கோழி இறகுகளைத் தடவிச் சிரித்தான். "அண்ணி, இந்த மழையில இதெல்லாம் நனைஞ்ச கோழி ஆயிடும். பிளாஸ்டிக் இறகு ஒட்டித் தரேன்."

என் மரவில்லில் அம்பு வில்லை உரசிக்கொண்டுதான் போகும். இறகு மடங்கிக் கொடுக்கும். பிளாஸ்டிக் இடறி அம்பைத் தள்ளிவிடும். சொன்னேன்.

"அப்ப வில்லையும் மாத்துங்க."

மாற்ற மாட்டேன்.

நவம்பர் 27, புதன்
இறகுகளுக்கு பிளாஸ்டிக் ரொட்டிப் பை மாட்டிக்கொண்டு போனேன். ஒரு சொட்டு நனையவில்லை. ஆற்று மேட்டில் ஒரு பெண் எல்க், எங்கள் சமையலறை நீளத் தூரத்தில். பையை உருவினேன் — சரசரவென்று! ஓடியேவிட்டது. ரொட்டிப் பை சத்தத்துக்கு எங்கள் நாயே அடுத்த வீட்டிலிருந்து ஓடிவரும். எல்க்குக்குக் காது இருக்காதா? ஆண்டவரே, எங்கே போச்சு என் புத்தி?

நவம்பர் 28, வியாழன்
நன்றித் திருநாள். ராய்ஸ் குடும்பமும் விருந்துக்கு வந்தது. ஜெபம் முடிந்த கையோடு ஆரம்பித்தான்: "அண்ணி எல்க்குக்கு ரொட்டி குடுக்கப் போனாங்களாம்!" எல்லோரும் சிரித்தார்கள். டெல்பர்ட்டும். அவருமா!

"கவலைப்படாதீங்க அண்ணி, எனக்குக் கிடைச்சா உங்களுக்கும் தரேன்."

"உன்கிட்ட யாருப்பா கேட்டா? உருளைக்கிழங்கை இந்தப் பக்கம் தள்ளு."

காலையில் விருந்து வாத்தை உரிக்கும்போது வாலுக்கு மேலே இருக்கும் எண்ணெய்க் கட்டியை வழக்கம்போல வெட்டி எறியப் போனேன். கை நின்றது. இதைத்தானே அலகால் தொட்டு மேலெல்லாம் பூசிக்கொள்கிறது? பூசிக்கொண்டுதானே மழையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறது? கிண்ணத்தில் எடுத்து வைத்தேன்.

நவம்பர் 30, சனி
அதிகமாகப் பூசிவிட்டேன். இறகெல்லாம் சோப்பு காணாத தலைமுடி மாதிரி ஒட்டிக்கொண்டது. குறி வைத்து விட்டுப் பார்த்தேன், அம்பு கொட்டகைச் சுவரில். துடைத்தேன், சோளமாவு தூவி உதறினேன், மறுபடி விரல்நுனியால் பட்டும் படாமலும். தண்ணீர் தெளித்தால் உருண்டு ஓடுகிறது. டெல்பர்ட்டின் கம்பளிக் காலுறைதான் இனி உறை. உருவினால் சத்தமே இல்லை.

டிசம்பர் 1, ஞாயிறு
வெயில்! இன்றைக்குப் பார்த்து. ஆலய வாசலில் ராய்ஸ் வண்டியை நிறுத்தினான். "அண்ணி, ஆண்டவரே வெயில் அனுப்பியிருக்கார். வாங்க, போலாம்."

"அதுக்கு ரொம்ப முன்னாடியே கட்டளையும் அனுப்பிட்டார். நீ போ."

ஓய்வுநாளில் வில்லைத் தொடமாட்டேன். பிரசங்கம் முழுக்க ஜன்னலையே பார்த்தேன். அதுவும் பாவக் கணக்கில் சேரட்டும்.

டிசம்பர் 2, திங்கள்
மழை. வேறென்ன.

டிசம்பர் 4, புதன்
விரல் இன்னும் மடங்கவில்லை, கிறுக்கலாகத்தான் வரும்.

விடிந்ததிலிருந்து கொட்டியது. காலுறை மாட்டிய இறகுகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றேன். கையெல்லாம் விறைத்துவிட்டது. பெரணிக்குள்ளிருந்து ஒரு கிழட்டுப் பெண் எல்க், தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. காலுறையை உருவினேன். தலை தூக்கவில்லை. வில்லை இழுத்தபோது இறகில் மழை விழுவதையும் உருள்வதையும் பார்த்தேன். விட்டேன்.

விலாவுக்குள் போய்விட்டது.

எல்க் பெரணிக்குள் ஓடி மறைந்தது. அப்புறம்தான் பயமே. மழை இரத்தத்தைக் கழுவிக்கொண்டே போகிறது. காத்திருப்பதா, போவதா? காத்திருந்தால் தடமே இருக்காது. ஒவ்வொரு இலையாகத் தடவிக்கொண்டு போனேன். விழுந்த மரத்துக்கு அந்தப்புறம் கிடந்தது. மண்டியிட்டேன். ஸ்தோத்திரம் சொன்னேன்.

சுமக்க ராய்ஸ்தான் வந்தான். மீதி அம்புகளில் ஒன்றை எடுத்து இறகைக் கட்டைவிரலால் அழுத்தினான். மோந்து பார்த்தான். கேட்டால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. ஒரு முழுத் தொடையை முதுகில் ஏற்றிக்கொண்டு முன்னால் நடந்தான்.

டிசம்பர் 7, சனி
வெட்டி, பொட்டலம் கட்டி, தேதி போட்டு அடுக்கியாயிற்று. பட்டாணியை வெளியே எடுத்தும் ஃப்ரீசர் மூடி சாத்தவில்லை. டெல்பர்ட் கட்டுப்போட்ட தோளோடு அதன்மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார். வாசலில் யாரோ தட்டுகிறார்கள். "லொரீன், நீயே போய்ப் பாரும்மா," என்கிறார். "நான் எழுந்திரிச்சா இது திறந்துக்கும்."