கப்பலுக்குப் பூட்டி அனுப்பியவை

19 ஜனவரி 2025, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து நானும் அத்தையும் பொன்மலைச் சந்தைக்குப் போனோம். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது விஜயராணி வந்தாள். என் புருஷன் கிளமென்ட் வேலை பார்க்கும் கப்பலில் சமையல்காரராக இருக்கும் ஜெயக்குமாரின் மனைவி, திருவெறும்பூர்க்காரி. நல்ல மனசுதான். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்க்கா நீங்க. குழாயத் திறந்து விட்டுட்டு அழுவீங்களாமே" என்றாள்.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் குழந்தை தங்காமல் போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அத்தைக்குக் கேட்கக் கூடாதென்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதது? அதை நான் எழுதியது என் புருஷனுக்கு மட்டும். அவரைப் பெற்ற அத்தை தராசையே பார்த்துக்கொண்டு நின்றார்.

லீவில் வந்திருக்கும் கிளமென்டிடம் கேட்டேன்.

"கப்பல்ல எல்லாருக்கும் சேர்த்து ஒரே மெயில் ஐடி, ஷெர்லி. ஒரே கம்ப்யூட்டர். வர்றத யார் வேணா திறக்கலாம். அன்னிக்கு நான் டூட்டி முடிச்சு வந்தா, ரெண்டு பேர் வந்து தோள்ல கை வெச்சாங்க. எதுக்குன்னே தெரியல. அப்புறம்தான் உன் மெயிலைப் படிச்சேன்."

இத்தனை நாள் இதைச் சொல்லவே இல்லை இந்த மனுஷன். கோபப்படுவதா, கட்டிக்கொள்வதா? இரண்டும் செய்தேன்.

25 ஜனவரி, சனி

கிளமென்டும் நானும் ஸ்ரீரங்கம் போனோம். யமுனா வீடு. கல்லூரியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள், இப்போது வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். காபி ஆறும் முன்பே எங்கள் இருவர் லேப்டாப்பையும் பிடுங்கிக்கொண்டாள்.

"ஆளுக்கு ரெண்டு சாவிடி. ஒண்ணு பொதுச் சாவி, அத யாருக்கு வேணா குடு. இன்னொண்ணு ரகசியச் சாவி, அது வேற யார் கைக்கும் போகக் கூடாது. எங்க கோயில் உண்டியல் மாதிரி வெச்சுக்கோ. போடறது யார் வேணா போடலாம். திறக்கறது சாவி இருக்கறவா மட்டும்தான்."

அவருடைய பொதுச் சாவியால் நான் பூட்டினால் அவர் மட்டும்தான் படிக்க முடியும். பூட்டிய பிறகு நானே நினைத்தாலும் திறக்க முடியாதாம். கப்பல் கம்ப்யூட்டருக்கு வருவதை அவர் பென்டிரைவில் எடுத்துப்போய்த் தன் லேப்டாப்பில்தான் திறக்க வேண்டுமாம்.

இன்னும் சில எச்சரிக்கைகள். மெயிலின் தலைப்பு வரி பூட்டப்படாது, அதில் வாயைத் திறக்காதே. ரகசியச் சாவிக்கு ஒரு காப்பி எடுத்துப் பத்திரமாக வை. (கிளமென்ட்: "பார்த்துக்கலாம் யமுனா.") புதுச் சாவி என்று மெயிலில் எது வந்தாலும் நம்பாதே, ஒவ்வொரு சாவிக்கும் விரல்ரேகை மாதிரி எண்ணும் எழுத்தும் கலந்து நீளமாக ஒரு வரிசை உண்டு, அதை அவர் குரலில் கேட்டுச் சரிபார்.

சோதித்துப் பார்க்க, எதிரே உட்கார்ந்தபடியே கிளமென்ட் எனக்கு ஒன்று அனுப்பினார். திரை முழுக்கத் தலைகால் புரியாத எழுத்துகள். கடவுச்சொல்லைத் தட்டினேன். "இன்னிக்கு வஞ்சிர மீன் குழம்பு வைக்கிறியா?"

"எங்காத்துல உட்காந்துண்டு மீன் குழம்பா!" என்று யமுனா தலையணையை எறிந்தாள்.

3 பிப்ரவரி

போய்விட்டார். வீடு பெரிதாகிவிட்டது.

22 பிப்ரவரி

என் மெயிலுக்கு அவருடைய முதல் பதில். பூட்டித்தான் அனுப்பியிருக்கிறார். திறப்பதற்கு முன் அந்தக் கிறுக்கெழுத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதற்குள் இருப்பது எனக்கு மட்டும்.

ஜெயக்குமார் கேட்டாராம்: "என்னண்ணே, அண்ணி சைனீஸ்லயா எழுதறாங்க?"

மீதியை இங்கேகூட எழுதமாட்டேன்.

8 மார்ச், சனி

இருக்கிறது. ஸ்கேனில் துடிப்பைப் பார்த்தேன்.

தில்லை நகர் டாக்டரம்மா சொன்னார்: "போன தடவை கர்ப்பப்பை வாய் பலவீனமா இருந்ததுதான் காரணம். இந்தத் தடவை ஒரு தையல் போட்டுடலாம். அப்புறம் வெயிட் எதுவும் தூக்கக் கூடாது. வீட்ல யாராவது கூட இருக்கணும்."

அத்தையிடம் சொல்லவில்லை. முதலில் கிளமென்டுக்குத் தெரியட்டும். இந்த ஒரு தடவையாவது அவருக்கு முதலில் தெரியட்டும். எல்லாவற்றையும் எழுதிப் பூட்டி அனுப்பினேன். தலைப்பில் "தேங்காய் விலை" என்று போட்டேன்.

16 மார்ச், ஞாயிறு

பதில் வந்தது. பூட்டில்லாமல்.

"லேப்டாப்பில் தண்ணீர் புகுந்துவிட்டது. பழைய சாவி போச்சு, காப்பி எடுக்கவில்லை. நீ அனுப்பியதைத் திறக்க முடியவில்லை. நண்பர் லேப்டாப் ஒன்று தந்தார். புதுச் சாவி இணைத்திருக்கிறேன். அதில் பூட்டித் திரும்ப அனுப்பு."

இது அவர்தானா? அவர் மாதிரிதான் இருக்கிறது. ஆனால் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் யாரும் உட்காரலாமே. யமுனாவுக்கு போன் செய்தேன். "அவர்தான்னு உனக்குத் தோணறதா, தெரியறதா?" என்றாள். தோன்றத்தான் செய்கிறது.

பூட்டாமல் பதில் போட்டேன்: "போன் பண்ணுங்கள். ரேகை படிக்க வேண்டும்."

இத்தனை நாளும் அவருக்குத் தெரியும், தெரிந்துதான் வார்த்தை தேடிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தனியாகப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

20 மார்ச், வியாழன்

சாட்டிலைட் போன். அவர் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது மாதிரி வந்தது.

"ஷெர்லி, கொஞ்ச நேரம்தான் குடுத்திருக்காங்க. பேசட்டுமா, படிக்கட்டுமா?"

"படிங்க."

படித்தார். நாலு, சி, ஒன்பது, ஒன்பது, ஏ... நான் திரையில் விரல் வைத்துக்கொண்டே போனேன். எங்களுக்குக் கல்யாணமானது முதல் கப்பலிலிருந்து வந்த எந்த அழைப்பையும் இப்படி வீணடித்ததில்லை. வீணா? அவர் மூச்சு வாங்குவதுகூடக் கேட்டது.

"...ஏழு, பி—"

"டி-யா, பி-யா?"

"பி! பேபிக்கு வர்ற பி!"

நான் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"ஷெர்லி? லைன்ல இருக்கியா?"

"இருக்கேன். மேல சொல்லுங்க."

பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. ஒரு வார்த்தை போதும், இப்போதே சொல்லிவிடலாம். ஆனால் அங்கே எல்லோரும் நிற்கிறார்கள்; அவர் முகத்தை அவர்கள்தான் முதலில் பார்ப்பார்கள். அடக்கிக்கொண்டேன். கடைசி எழுத்து வரை ஒத்துப்போனது.

"சரியா இருக்குங்க. நீங்கதான்."

"நான்தான்டி. நீ ஏன் அழுவுற?"

லைன் போய்விட்டது. எல்லாவற்றையும் மறுபடி எழுதி, புதுச் சாவியில் பூட்டி அனுப்பினேன்.

22 மார்ச், சனி

அவர் பதிலைத் திறந்தேன். முதல் வரியில் என் பெயர் மட்டும் நாலைந்து தடவை.

கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றுக்கு இரண்டு முறை படித்தாராம். சாப்பிடப் போனபோது ஜெயக்குமார், "என்னண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்க, "தேங்காய் விலை ஏறிடுச்சுப்பா" என்றாராம்.

கடைசியில்: "தையலுக்கு நாள் குறிக்கச் சொல். இப்போதே அம்மாவிடம் போ. போன தடவை மாதிரி தனியாக இருக்காதே. உன் வாயால் சொல்."

அத்தை அடுப்படியில் இருந்தார். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தார்.

"போன தடவை நீ அழுததைச் சந்தையில நின்னு கேட்டேன். பக்கத்து ரூம்ல படுத்திருந்தவ. எனக்கு எப்படி இருந்திருக்கும்?"

"அத்தை..."

"போகுது விடு. இப்ப நீயா வந்து சொன்னீல்ல." என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டார். குழம்பு அடிப்பிடித்துவிட்டது, அப்படியே சாப்பிட்டோம்.

15 ஏப்ரல்

தையல் போட்டாயிற்று. அத்தை நகரவே இல்லை. ஜெபமாலையும் கையுமாக இருந்தார். நர்ஸிடம் சண்டையும் போட்டார்.

12 அக்டோபர், ஞாயிறு

நேற்றுக் காலை பிறந்தாள். அவர் மூக்கு. வேறு யார் சாயல் என்றும் சொல்ல அத்தை விடமாட்டேன் என்கிறார்.

யமுனா ஆஸ்பத்திரிக்கே லேப்டாப்போடு வந்துவிட்டாள். நான் சொல்லச் சொல்ல அடித்தாள். தலைப்பு: "நமக்குப் பெண் குழந்தை."

யமுனாவின் கை நின்றது. "தலைப்புக்குப் பூட்டு கிடையாதுடி. மறந்துட்டியா?"

"தெரியும். உள்ளேயும் பூட்டாத. அப்படியே அனுப்பு."

"எல்லாரும் படிப்பா."

"படிக்கட்டும். யார் முதல்ல பார்த்தாலும் அவரை எழுப்பிச் சொல்லட்டும்."

அனுப்பிவிட்டாள். பாலுக்கு அழுகிறாள் மகள். போகிறேன்.