கையில் சுற்றிய கயிறு

19.7.57, வெள்ளி

பர்மா வரை போய்ச் சண்டை போட்டு வந்தவன் நான். இன்று காலை அருவிக்குப் போகிற வழியில், பக்கத்து வீட்டு வாத்தியாரோடு வந்த அவர் நாயைக் கண்டு பயந்து நின்றேன்.

நாலு நாயோடு பழகட்டும் என்று மனைவிதான் எங்கள் கருப்பனையும் கூட்டிவரச் சொன்னாள். கோம்பை நாய், வேட்டை ரத்தம், வேறு நாயைக் கண்டால் குதறிவிடும் என்று தெருவெல்லாம் நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அதனால் கயிற்றைக் கையில் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். கருப்பன் உறுமினான்.

“அவன் எங்க இழுக்கான்? நீங்கள்லா இழுக்கீய! இங்கன குடுங்க.”

அவள் கயிற்றை வாங்கித் தளர விட்டாள். இரண்டு நாயும் மோந்து பார்த்தன, வாலை ஆட்டின. அவ்வளவுதான்.

வாத்தியார் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, வேட்டை ரத்தம்னு சொன்னியளே?”

“இன்னைக்கு அவனுக்கு மேலுக்குச் சொகமில்ல” என்றேன்.

வாத்தியார் நம்பிவிட்டார். கருப்பன் வந்து, கயிறு அறுத்திருந்த என் உள்ளங்கையை நக்கினான். மனைவி அதைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“வாலே கருப்பா, நாம போவோம்” என்றாள்.

என்னைக் கூப்பிடவில்லை.