பதினோரு மணி வெயில்

ரோஜாவுக்கு,

போன்ல பேசினா என் குரலை வெச்சே நூறு கேள்வி கேப்பே. அதான் எழுதி, காய்கறி வண்டியில வளவனூர் வர்ற உங்கண்ணன்கிட்ட குடுத்தனுப்பறேன். இது ஒம்பதாவது மாசம், அம்மா வீட்டுல நல்லா சாப்புடு.

கல்யாணமான ரெண்டு வருஷமா விடிகாலை ரயிலைப் புடிச்சு மெட்ராஸ் போய், இருட்டினப்புறம் திண்டிவனம் திரும்பினவன் நான். நம்ம வீட்டுல பகல் வெயில் எங்கெல்லாம் விழும்னு லாக்டவுன்லதான் பாத்தேன். பதினோரு மணிக்கு, மீட்டிங் நேரமா பாத்து, நேரா லேப்டாப் மேல விழும். "மூஞ்சே தெரியல"ன்னு மேனேஜர் கத்துவாரு. மேசையைத் தள்ளித் தள்ளிப் போட்டு, கடைசியில வெயிலே வராத ஒரு மூலையைக் கண்டுபுடிச்சேன்.

இப்ப மணிக்கொரு தடவை அந்த மூலைகிட்ட வெயில் எதுவரைக்கும் வருதுன்னு சாக்பீஸால கோடு போட்டுக்கினு இருக்கேன். நேத்து பக்கத்து வீட்டு அம்சவள்ளி அக்கா ஜன்னல்ல எட்டிப் பாத்து, "இன்னா தம்பி, மீட்டிங் நேரத்துல தரையில கோடு போட்டுக்கினு கீறே?"ன்னாங்க.

"சும்மாதான்க்கா"ன்னேன்.

அப்புறம் வந்து ஜன்னல் கட்டையில டீ வெச்சிட்டுப் போனாங்க.

போன வாரம் லேப்டாப்பை ஆபீஸ்ல திருப்பிக் கேட்டாங்க, அனுப்பிட்டேன். இனிமே எனக்கு மீட்டிங் கெடையாது. மேசையை மாடியில போட்டுட்டேன்.

அந்த மூலை நாள் முழுக்க குளிர்ச்சியா இருக்கு. மேல கொக்கியும் இருக்கு. நீங்க ரெண்டு பேரும் வந்ததும் தொட்டிலை அங்கயே கட்டலாமா? பகல்ல நான் ஆட்டறேன்.

இப்படிக்கு,
பகல்லயும் வீட்டுல இருக்கற
உன் புருஷன்