வாப்பா, உங்கள் ரோட்டை வெட்டிவிட்டோம்

என்னோடு குறைவாகவும், மற்றவர்களிடம் என்னைப் பற்றி நிறையவும் கதைத்த என் அன்பு வாப்பாவுக்கு, ஸலாம்.

நீங்கள் மௌத்தாகி மண்ணுக்குள் போய் மூன்று மாரி கடந்துவிட்டது. உங்கள் கபுறடிக்குத் தம்பி நஸீர்தான் வருவான். நான் வீட்டிலிருந்து ஓதுவதோடு சரி. அதனால் சொல்ல வேண்டியதை எழுதுகிறேன். ஊரில் பலர் இதை வாசிப்பார்கள் என்பது தெரியும். வாசிக்கட்டும். இந்தச் செய்தியை அவர்கள் ஏற்கெனவே ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

தோணா நீரோடைக்குக் குறுக்கே நீங்கள் போட்ட ரோட்டை, ஹாஜியார் ரோட்டு என்று ஊர் சொல்லும் அதே ரோட்டை, கடந்த மாரியில் வெட்டிவிட்டோம். வெட்டச் சொன்னது நான். மண் தோண்டும் பெக்கோ மெசினைக் கூப்பிட்டது நஸீர்.

கோபப்படாதீர்கள். முதலில் மழையைக் கேளுங்கள்.

ஐந்து நாள் விடாமல் பெய்தது. கடற்கரையோடு நீளமாகக் கிடக்கும் நம்ம தோணா நிரம்பி, வீட்டு வளவுகளுக்குள் ஏறியது. வழக்கம்போல ஊர் இளைஞர்கள் வடக்கே இருக்கும் முகத்துவாரத்தை வெட்டப் போனார்கள். தோணாவுக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் மணல் திட்டைப் பிளந்துவிட்டால், அரை நாளில் தண்ணீர் கடலுக்குள் இறங்கிவிடும். வெட்டினார்கள். ரோட்டுக்கு வடக்கே தண்ணீர் இறங்கியது. தெற்கே அசையவில்லை.

வருடா வருடம் நாம் முகத்துவாரத்தைத்தான் குறை சொன்னோம். "வாய் சரியா வெட்டுப்படல்ல" என்போம், போய் இன்னும் அகலமாக வெட்டுவோம். அன்று நான் ரோட்டின் மேல் நின்று இரண்டு பக்கமும் பார்த்தேன். வடக்கே முழங்கால் அளவு, தெற்கே நெஞ்சளவு. நடுவில் உங்கள் ரோட்டு. பள்ளிக்கூடத்தில் பூமிசாத்திரம் படிப்பிக்கிற எனக்கு இதைக் காண இத்தனை வருடம் எடுத்திருக்கிறது.

அந்த ரோட்டு எப்படி வந்தது என்று அண்மையில் நிறைய யோசித்தேன். வயல்களுக்கு நெல் வெட்டும் மெசின் வந்தது. சாகாமத்திலிருந்தும் நிந்தவூரிலிருந்தும் இரண்டு மாதமாக ஆறுதலாக வந்து சேர்ந்த நெல், இரண்டு கிழமைக்குள் ஈரத்தோடு உங்கள் அரிசி மில் வாசலில் வந்து நின்றது. களத்தில் அவித்துக் காயவைக்கும் பெண்களால் அதைச் சமாளிக்க முடியவில்லை. நீங்கள் பொயிலர் வைத்தீர்கள். பிறகு காயவைக்கிற மெசின். எல்லாம் நெல்லின் உமியை எரித்தே ஓடியது. "என்ட மில்லு தன்ட உமியத் தானே திண்டு ஓடுது" என்று வந்தவர்களிடமெல்லாம் சொன்னீர்கள். அதில் பெருமைப்பட நியாயம் இருந்தது.

ஆனால் சாம்பல் மிஞ்சியது. மில்லுக்குப் பின்னால் அது மலையாகியது. காற்றடித்தால் அயல்வீட்டுக் கொடியில் வெள்ளைத் துணி கறுத்தது. கடற்கரைப் பக்கத்துப் பெண்பிள்ளைகள் தோணாவைச் சுற்றிப் பள்ளிக்கூடம் நடப்பது அப்போதுதான் உங்கள் கண்ணில் பட்டது. அதற்கு முன்பும் அவர்கள் நடந்தார்கள்தானே? இரக்கம் முதலில் வந்ததா, கொட்ட இடமில்லாத சாம்பல் முதலில் வந்ததா? குத்திக்காட்டக் கேட்கவில்லை. உங்களுக்கே அது தெரிந்திருக்குமோ என்னவோ.

எப்படியோ, டிராக்டர் டிராக்டராகச் சாம்பலைத் தோணாவுக்குள் கொட்டி, ஓரத்தில் கல் அடுக்கி, மேலே கிறவல் மண் போட்டீர்கள். பிள்ளைகள் நேராகப் பள்ளிக்குப் போனார்கள். ஊர் உங்களுக்கு துஆச் செய்தது. தண்ணீர் போக அடியில் இரண்டு சீமெந்துப் பைப்புகள் வைத்தீர்கள். கடந்த மாரியில் நான் பார்த்தபோது அவற்றில் ஆற்றுவாழைச் செடியும் பொலித்தீனும் அடைத்துக் கிடந்தன.

ரோட்டின் மேல் நின்று பார்த்த அன்றே நான் ஜெமீலா மாமியின் வீட்டுக்குப் போனேன். பொயிலர் வருமுன் உங்கள் மில்லில் நெல்லைத் தொட்டியில் ஊறவைத்து அவித்தவர். வீடு ரோட்டுக்குத் தெற்கே. மாமி கட்டிலின் மேல் கால்களை மடித்து இருந்தார். கட்டிலின் நாலு காலும் தண்ணீருக்குள்.

"வா புள்ள. இரிக்கச் சொல்ல ஒரு கதிரயும் காயல்ல" என்றார். பிறகு சிரித்தார். "உங்கட வாப்பா என்ட வேலையத்தான் எடுத்தாரெண்டு நினைச்சன். இல்லகா. ஊறல் தொட்டிய வீட்டுக்கே அனுப்பியிரிக்காரு. நெல்லு மட்டும்தான் இன்னும் வரல்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. சுவரில் போன வருடத்துத் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு கறுப்புக் கோடு இருந்தது. அதற்கு முந்தைய வருடத்துக் கோடு அதற்குக் கீழே. மையால் போட்டது போல. சாம்பல்.

"மனிசன் நல்லவர்தான்" என்றார் மாமி. "தண்ணிக்கு அது தெரியாதே புள்ள."

மழை விட்ட நேரத்தில் பிரதேச சபை அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த உத்தியோகத்தர் கோவைகளைப் புரட்டிவிட்டு, "டீச்சர், இப்பிடி ஒரு ரோட்டு எங்கட பதிவில இல்லயே" என்றார்.

"அதில நீங்களும் மோட்டார் சைக்கிள்ள போறயள்தானே?"

"போறம்தான். ஆனா இல்லாத ரோட்ட நாங்க எப்பிடி வெட்டுற?"

"அப்ப ஆரு வெட்டுற?"

"போட்டவங்கதான்."

போட்டவர் நீங்கள். மிஞ்சியிருப்பது நானும் நஸீரும். நஸீரிடம் சொன்னபோது அவன் முகம் கல்லாகிவிட்டது.

"ராத்தா, அது ரோட்டு இல்ல. ஸதகத்துல் ஜாரியா. அந்த ரோட்டால ஆள் நடக்கிற வரைக்கும் வாப்பாவுக்குக் கபுறுக்குள்ள நன்மை போய்க்கிட்டே இரிக்கும். அத வெட்டுற பாவத்த ஆரு சுமக்கிற?"

"மாமிட வீட்டுக்குள்ள நிக்கிற தண்ணிய ஆரு சுமக்கிற?"

"நீங்க படிச்ச ஆக்கள். உங்களுக்கு எல்லாத்துக்கும் பதில் இரிக்கும்."

உங்களுக்கு வந்துகொண்டிருக்கும் நன்மையை என் கையால் நிறுத்துகிறேனோ என்ற பயம் அவனைவிட எனக்குக் குறைவில்லை. வெளியே காட்டவில்லை, அவ்வளவுதான். "ஒருக்கா வந்து பாரு" என்று மட்டும் சொன்னேன்.

வந்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மாமியின் வீட்டுக்குள் இறங்கினான். மாமி கட்டிலிலிருந்தபடியே பிளாஸ்கைத் திறந்து அவனுக்குப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தார். தண்ணீருக்குள் நின்று குடித்தான்.

"மனே" என்றார் மாமி, "அஞ்சு வக்துத் தொழுகைக்கும் உங்கட வாப்பாவுக்கு துஆக் கேக்கிற ஆள் நான். ரோட்டால நடக்கிறவங்களும் கேப்பாங்க. ஆனா தண்ணிக்குள்ள நிண்டு கேக்கிற துஆ எந்தப் பக்கம் போகுமெண்டு எனக்கே தெரியாது."

நஸீர் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தான். சுவரிலிருந்த கறுப்புக் கோடுகளை விரலால் தொட்டுப் பார்த்தான். வெளியே வந்து, என்னைப் பார்க்காமல், பெக்கோக்காரருக்குப் போன் எடுத்தான்.

ரோட்டில் ஆட்கள் கூடிவிட்டார்கள். "ஹாஜியார் போட்டத மகள் வெட்டுறா. படிக்க வெச்சா இதான்" என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார். நான் திரும்பவில்லை. பெக்கோவின் வாளி நாலாவது தடவை இறங்கியபோது, கறுப்புத் தண்ணீர் பைப்புகளைப் பிடுங்கிக்கொண்டு வடக்கே பாய்ந்தது. பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன்னால் மாமியின் கட்டிலின் கால்கள் தெரிந்தன. கடற்கரைப் பக்கத்தாருக்கு வழி வேண்டுமே. பொழுது சாயும் முன் நஸீரே தென்னங்குற்றிகளைப் போட்டு, பலகை அடித்து, நடைபாலம் கட்டிவிட்டான். அந்தப் பலகையால் முதலில் நடந்து போனவர், என்னைப் பற்றிச் சொன்ன அதே மனிதர்தான்.

இப்போது ஒரு விஷயம் ஒப்புக்கொள்ள வேண்டும். இதை நஸீருக்கும் சொல்லவில்லை.

ரோட்டுப் போட்ட காலத்தில் ஒரு பின்னேரம் தேத்தண்ணீரோடு என் அறை வாசலில் வந்து நின்றீர்கள். நான் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். "பைப் ரெண்டு போதுமா மகள்?" என்று கேட்டீர்கள். தலையை நிமிர்த்தாமல் "போதும் வாப்பா" என்றேன். தோணாவைப் போய்ப் பார்க்கவில்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாரையும் சந்தேகிக்கிற நான், என் பதிலை மட்டும் சந்தேகிக்கவில்லை. கம்பஸ் போய்ப் படித்த மகள் சொன்னால் சரி என்று நீங்கள் போய்விட்டீர்கள். ஊரில் யாரையும் நீங்கள் அப்படிக் கேட்டதில்லை.

ஆகவே அன்று பெக்கோ வெட்டியது உங்கள் தர்மத்தை அல்ல. என் பதிலைத்தான்.

மில்லை நிறுத்த வேண்டும் என்று நான் எழுதவில்லை. மெசின் வந்தது வந்ததுதான். மாமிக்குப் போன வேலையும் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் ஒரு மெசின் உள்ளே வரும்போது, அதன் பின்வாசலால் என்ன வெளியேறும், அது யாருடைய வளவில் போய் நிற்கும் என்று கேட்கலாம். இப்போது அதைக் கேட்பது என் வேலை. மில்லில் நானும் நஸீரும் சாம்பலை நனைத்துக் குழிக்குள் மூடி வைக்கிறோம். நெல் இறக்கிய லொறிகள் வெறுமையாகத் திரும்பாமல் அதை வயல்களுக்குக் கொண்டுபோகின்றன. வயல்காரர்கள் நல்லதென்கிறார்கள். இரண்டு போகம் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இன்னொரு புதினமும் சொல்ல வேண்டும். வெட்டிய பிறகு உங்கள் ரோட்டு பதிவில் ஏறிவிட்டது. இருந்தபோது இல்லாத ரோட்டு, உடைந்த பிறகு இருக்கிறது. அந்த இடத்தில் தண்ணீர் போக நாலு கண் வைத்த பாலம் எழும்புகிறது. மழைத் தண்ணீரையும் மேல் பக்கத்து வாய்க்கால்களையும் பார்த்துத்தான் அலுவலகத்தார் அளவு போட்டார்கள். நானும் கூடப் போய் நின்றேன், சேறு முழங்கால் வரைக்கும். பாலத்தால் பிள்ளைகள் நடப்பார்கள், கீழால் தண்ணீர் போகும். இரண்டு பக்கத்தாரின் துஆவும் உங்களுக்கு ஒரே பக்கமாகத்தான் வரும், இன்ஷா அல்லாஹ். நஸீரும் இப்போது அதைத்தான் சொல்கிறான், தானே கண்டுபிடித்தது போல.

மாரிதோறும் மழை விட்டதும் அந்தப் பாலத்தில் நின்று இரண்டு பக்கத் தண்ணீரையும் பார்ப்பேன். என் கால் நடக்கும் வரை பார்ப்பேன். பார்க்காமல் இனி யாருக்கும் பதில் சொல்ல மாட்டேன். முதலில் உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்டு நிறைய நாளாகிவிட்டது.

போதாது வாப்பா. பைப் ரெண்டு போதாது.

இந்தத் தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லும்,
உங்கள் மூத்த மகள்