மேஸ்திரி பிடித்துப் பார்க்கும் புஜம்

இராயபுரம்

அன்புள்ள அம்மாவுக்கு ராசையா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் மூட்டுவலி குறைந்ததா?

துறைமுக வாசலில் மேஸ்திரி புஜத்தைப் பிடித்துப் பார்த்துத்தான் ஆள் எடுக்கிறார். அதற்காகவே கசரத்துக் கூடத்தில் சேர்ந்தேன். நேற்று தண்டால் எடுக்கும்போது லேசாக மயங்கிவிட்டேன், பயப்பட வேண்டாம்.

"கறி வாணாம் நைனா, கேவுரு கூழும் ஊறவச்ச கடலையும் போதும். துன்னாம கசரத்து பண்ணா ஒடம்பே ஒடம்பைத் துன்னும்," என்றார் வாத்தியார் பொன்னுரங்கம்.

வேலை கொடுத்தால்தானே கூழ் குடிக்க முடியும்? இந்த வாரம் முழுதும் மேஸ்திரி என்னை ஒதுக்கிவிட்டார். அரிசி மூட்டை தூக்க, அரிசி தின்றவன்தான் வேண்டுமாம்.

முடிந்தால் கேழ்வரகு மாவு அனுப்புங்கள். தங்கையின் பங்கில் கை வைக்க வேண்டாம். அதுவரை, கூடத்தில் மற்றவர்கள் கடலை ஊறவைத்த தண்ணீரைக் கேட்டு வாங்கிக் குடிக்கிறேன். அதிலும் சத்து இருக்கிறதாம்.

ஆள் எடுக்கும் நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

ராசையா